தலையாட்டும் பிள்ளை

மின்னி பே, போர்ட் பிளேர்
3 ஜனவரி 2023

அக்காவுக்கு,

என் நம்பரை நீ பிளாக் செய்து வைத்திருக்கிறாய். விஜயன் அத்தானுக்குப் போன் போட்டால், "கடுதாசின்னா வாங்கிக்கிறாளாம்ப்பா, போன்னா வேணாமாம்" என்று சிரிக்கிறார். சரி, மகாராணி உத்தரவு. ரங்கத் பஸ் ஓட்டுகிற ராக்கப்பன் அண்ணனிடம் இதைக் கொடுத்து விடுகிறேன். தபாலில் போட்டால் என்றைக்கு வருமோ. அவர் என்றால் சாயங்காலமே உன் வீட்டு முன்னால் ஹாரன் அடித்துக் கொடுத்துவிடுவார்.

எனக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. பெண் பெயர் ஹரிணி. பரமக்குடியில் ஜம்புலிங்கம் என்று அப்பாவுக்குத் தூரத்துச் சொந்தம், அவருடைய மகள். பிப்ரவரி 3, வெள்ளிக்கிழமை, இங்கே முருகன் கோயிலில். கல்யாணம் மெயின்லேண்டில் வேண்டாம், இங்கேதான் என்று அப்பா ஒரே பிடிவாதம். துறைமுகத்தில் அவரோடு வேலை பார்த்த பெங்காலி, தெலுங்கர், மலையாளி எல்லாரும் வந்து சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டுமாம். அதனால் பெண் வீட்டார்தான் ஏழு பேராகக் கப்பல் ஏறி வருகிறார்கள்.

ஸ்வப்னா விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்பாய். கேட்க வேண்டாம். அவள் உன் பக்கத்து வீடு, உன்னை அக்கா முறையில் 'தீதி' என்று கூப்பிடுகிறவள். நீயே பக்குவமாக எடுத்துச் சொல்லிவிடு. மூன்று வருடமாக நான் ஆபீஸ் டூர் என்று வீட்டில் பொய் சொல்லி ரங்கத் வந்து போனது எனக்கு மட்டும் சுகமாக இருந்ததா? பெங்காலிப் பெண்ணை வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினால் அம்மா என்ன ஆவாள் என்று உனக்குத் தெரியும். ஏற்கெனவே ஒருத்தி ஒரு கிறிஸ்தவனைக் கட்டிக்கொண்டு போய் வைத்த கொள்ளியே இன்னும் அணையவில்லை.

கிறிஸ்துமஸ் வாரத்தில் நான் வந்தபோது உன் ஞாயிறு வகுப்பில் போர்டில் எழுதி வைத்திருந்தாய். எபிரேய ஞானிகளின் பாடம் என்று சொல்லி, பெற்றவர்களை மகிழ்விக்கிற பிள்ளை எப்பேர்ப்பட்ட பாக்கியசாலி என்று பெரிய எழுத்தில். நான் ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டேன். இருபது பிள்ளைகளுக்கு முன்னால் நீ அதை வாய் கூசாமல் சொன்னாய். நீ சொல்கிறதை நான் செய்கிறேன். வித்தியாசம் அவ்வளவுதான்.

கல்யாணத்துக்கு நீ வர வேண்டாம். வந்தால் அம்மாவுக்குக் கஷ்டம்.

நந்தகுமார்


ரங்கத்
9 ஜனவரி 2023

நந்து,

பிளாக் செய்ததற்குக் காரணம் கேட்டாயானால், போனில் நீ அழுவாய். அழுதால் நான் இளகிவிடுவேன். காகிதத்தில் நீ அழுவது காதில் விழாது. எழுதினதை அப்புறம் 'நான் அப்படிச் சொல்லலை அக்கா' என்று மாற்றவும் முடியாது.

பக்குவமாக எடுத்துச் சொல்ல நான் என்ன உன் ஆபீஸ் பியூனா? மூன்று வருடம் அந்தப் பெண் கையால் மீன் குழம்பு சாப்பிட்டவன் நீ. அவள் அம்மாவை 'மா' என்று கூப்பிட்டவன் நீ. ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி முடித்துவிட்டு வந்து, நீ வருகிறாய் என்று தூங்காமல் பஸ் ஸ்டாண்டில் நின்றவள் அவள். வெட்டிவிடுவது மட்டும் என் வேலையா? வெட்கம் என்று ஒன்று கடையில் விற்றால் உனக்கு ரெண்டு கிலோ வாங்கி அனுப்புவேன்.

போர்டில் எழுதியதைப் படித்தாயாம். ஜன்னலுக்கு வெளியே நின்று படித்தால் பாதிதான் தெரியும். உள்ளே வந்து உட்கார்ந்திருந்தால் மீதியும் காதில் விழுந்திருக்கும். அந்த ஞானிகள் தகப்பனின் மகிழ்ச்சியைப் பற்றிப் பேசுகிற இடத்திலெல்லாம் கூடவே எதைச் சொல்கிறார்கள் தெரியுமா? புத்தி. நேர்மை. பிள்ளை சரியாக நடந்தால் பெற்றவர்கள் மனம் குளிரும் என்கிறார்கள். பிள்ளை சொன்னதற்கெல்லாம் தலையாட்டினால் மனம் குளிரும் என்று ஒரு இடத்திலும் கிடையாது. ஆறு வயசுப் பையன் ஒருவன் அன்றைக்கு என்னிடம் கேட்டான், "டீச்சர், அப்பா சந்தோஷமா இருக்கணும்னு பொய் சொன்னா அது ஞானமா?" என்று. நீ ஜன்னலில் நின்றது அவனுக்குத் தெரியாது, பாவம்.

மகன் மூடனாக இருந்தால் பெற்றவர்களுக்கு என்ன ஆகும் என்றும் அதே பாடத்தில் வருகிறது. அதை நான் எழுதவில்லை. நம் வீட்டிலேயே நடக்கப் போகிறது.

இப்போது நான் சொல்வதைக் கேள். அந்த ஹரிணி கப்பல் ஏறுவதற்கு முன்னால் அவளிடம் சொல். இங்கே ஒருத்தி இருக்கிறாள், மூன்று வருடம் ஆயிற்று என்று சொல். அதற்கப்புறமும் அவள் வருகிறாள் என்றால் அது அவள் பாடு. கப்பல் ஏறிவிட்டாள் என்றால் நடுக்கடலில் இறங்கி நடந்து போக முடியாது. தீவில் பிறந்தவனுக்கு இதை நான் சொல்லித் தர வேண்டியிருக்கிறது.

கல்யாணத்துக்கு நான் வர மாட்டேன். கூப்பிடாத இடத்துக்குப் போகிற பழக்கம் எனக்கில்லை.

மங்கையர்க்கரசி


மின்னி பே
14 ஜனவரி 2023

அக்கா,

வசனம் சொல்லிக் கொடுக்கிறவர்களுக்கு எல்லாமே சுலபம். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் பேசிவிட்டு, பிள்ளைகளுக்கு பிஸ்கட் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். மற்ற ஆறு நாளும் இங்கே இருந்தவன் நான்.

நீ வீட்டை விட்டுப் போன வருஷம் அம்மா தீபாவளிக்கு அடுப்பு பற்ற வைக்கவில்லை. அப்பா துறைமுகத்துக்கு லீவு போட்டுவிட்டு வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு எனக்குப் பதினெட்டு வயசு. அன்றிலிருந்து அவர்கள் என்ன சொன்னாலும் சரி சரி என்று கேட்டவன் நான். கவர்மெண்ட் வேலைக்குப் போ என்றார்கள், போனேன். மெயின்லேண்டில் படிக்க இடம் கிடைத்தது, வேண்டாம் என்றார்கள், விட்டேன். நீ கிழித்துவிட்டுப் போனதை ஒவ்வொரு தையலாக ஒட்டுப் போட்டவன் நான். உன் ஞானிகள் யாராவது வந்து ஊசி பிடித்தார்களா?

இந்த ஒரு மாதமாக அம்மாவைப் பார்த்தால் உனக்கே தெரியும். புடவை எடுக்க அபர்டீன் பஜாருக்கு தினம் போகிறாள். தெருவில் போகிற மல்லிகா அக்காவை நிறுத்தி வைத்து, "நம்ம ஜாதிப் பொண்ணு, நம்ம ஊர்ப் பேச்சு, இங்கே உள்ள மாதிரி பாதி ஹிந்தி இல்லே" என்கிறாள். நிறுத்தி வைக்கப்பட்ட மல்லிகா அக்கா வீட்டு மருமகள் ராஞ்சிக்காரி. அது அம்மாவுக்கு நினைவே இல்லை. அவ்வளவு சந்தோஷம்.

ஹரிணி போனில் நிறையப் பேசுகிறாள். இங்கே மழை பெய்யுமா, தோசைக்கல் கிடைக்குமா, சுறாமீன் கடிக்குமா, ஆதிவாசிகள் பஸ்ஸை நிறுத்துவார்களா என்று. நான் ம் கொட்டுகிறேன். தீவு என்றால் படத்தில் பார்த்த மாதிரி தென்னை மரத்தில் ஊஞ்சல் கட்டியிருக்கும் என்று நினைக்கிறாள் போல. இவளிடம் நான் என்ன சொல்ல? எங்கிருந்து ஆரம்பிக்க? நீதான் அறிவாளியாயிற்றே, முதல் வரியை எழுதிக் கொடு.

ஸ்வப்னாவிடம் சொன்னாயா இல்லையா?

நந்து


ரங்கத்
20 ஜனவரி 2023

நந்து,

முதல் வரி வேண்டுமா, எழுதிக்கொள். "ஹரிணி, நான் உன்னிடம் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறேன்." இரண்டாவது வரி தானாக வரும்.

ஒட்டுப் போட்டேன், ஊசி பிடித்தேன் என்று தையல்காரன் மாதிரி எழுதியிருக்கிறாய். நான் போனபோது ஒளிந்துகொண்டு போகவில்லை. அப்பாவுக்கு எதிரே நின்று, "விஜயனைத்தான் கட்டிக்குவேன், நீங்க சம்மதிச்சா உங்க கையால, இல்லேன்னா நானே" என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். அவர் கையை ஓங்கினார். அடிக்கவில்லை. போ என்றார், போனேன். அதற்கப்புறம் பதினோரு வருடம் ஒரு வார்த்தை கிடையாது. இருந்தாலும் நான் எங்கே இருக்கிறேன், யாரோடு இருக்கிறேன் என்று அவருக்குத் தெரியும். நீ அதே வீட்டில், அதே சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருக்கிறாய், நீ யார் என்று அவருக்குத் தெரியாது. இதில் யார் வீட்டை விட்டுப் போனது?

அம்மாவின் சந்தோஷத்தைப் பற்றி எழுதியிருக்கிறாய். படித்தேன். யாரோ ஒரு பெண் தலையில் கல்லைப் போட்டு வாங்குகிற சந்தோஷம். புடவை நிறம் என்ன, எழுதவில்லையே.

ஸ்வப்னாவிடம் நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை. உங்கள் கல்யாணப் பத்திரிகையை ரங்கத் முருகன் கோயிலுக்கு அப்பா அனுப்பியிருக்கிறார். பூசாரி வழக்கம்போல் நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டார். அவள் காய்கறி வாங்கப் போன வழியில் பார்த்திருக்கிறாள். உன் பெயரைத் தமிழில் எழுத நீதானே அவளுக்குக் கற்றுக்கொடுத்தாய்.

என் வீட்டுக்கு வந்தாள். அழுவாள் என்று நினைத்துத் தண்ணீர் எடுத்து வந்தேன். அழவில்லை. தண்ணீரை மட்டும் குடித்தாள். "உஸ்கே கர் மே சப் குஷ் ஹே நா, தீதி?" என்று கேட்டாள். அவன் வீட்டில் எல்லாரும் சந்தோஷமாக இருக்கிறார்களா என்று. ஆமாம் என்றேன். "தோ டீக் ஹே," அப்படியானால் சரி என்று சொல்லிவிட்டு, நீ விட்டுப்போன சட்டை, சார்ஜர், ஷேவிங் செட் எல்லாவற்றையும் ஒரு பாலித்தீன் பையில் போட்டு என் வாசலில் வைத்துவிட்டுப் போனாள். அந்த டீக் ஹே மாதிரி ஒரு காறித் துப்பலை நான் கேட்டதில்லை.

மறுநாள் காலையில் திரும்ப வந்தாள். தனக்கு ஒன்றும் வேண்டாமாம். ஆனால் அந்த மெயின்லேண்ட் பெண்ணுக்குத் தெரிய வேண்டுமாம். "என்னை ஏமாத்தினது போகட்டும், அவ என்ன பண்ணினா?" என்று ஹிந்தியில் கேட்டாள்.

கப்பல் சென்னையிலிருந்து 28ஆம் தேதி கிளம்புகிறது என்று உன் பத்திரிகையிலேயே போட்டிருக்கிறீர்கள். அதற்குள் நீ சொல்லவில்லை என்றால் ஹேடோ ஜெட்டியில் நான் வந்து நின்று சொல்லுவேன். மேளக்காரனுக்குப் பக்கத்தில் நின்று சொல்லுவேன்.

மங்கை


ஹேடோ
28 ஜனவரி 2023, மத்தியானம்

அக்கா,

கப்பல் ஆபீஸில் என் மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். ராக்கப்பன் அண்ணன் இன்றைக்கு லேட் ட்ரிப், அதனால் பிடித்துவிட்டேன்.

சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். சத்தியமாக. நேற்றே முடிவு செய்தேன். கப்பல் சாயங்காலம்தானே, காலையில் சொன்னால் போதும், ராத்திரி எதற்கு அவள் தூக்கத்தைக் கெடுப்பது என்று விட்டேன். காலையில் எழுந்து குளித்து, சாமி கும்பிட்டு, காபி குடித்து, பால்கனிக்குப் போய் நின்று போன் போட்டேன். ஸ்விட்ச் ஆஃப். அவள் அப்பா நம்பர், ஸ்விட்ச் ஆஃப். அத்தை நம்பர், அதுவும். ஆபீஸுக்கு ஓடி வந்து பார்த்தால், அலையும் காற்றும் சரியில்லை என்று கப்பலை முன்கூட்டி விடியற்காலையிலேயே கிளப்பிவிட்டார்கள். என் மேஜை மேலேயே தாள் கிடக்கிறது. நேற்று மத்தியானம் வந்த தாள். நான் பார்க்கவில்லை.

இனி மூன்று நாள் டவர் கிடையாது. 31ஆம் தேதி ஹேடோவில் இறங்குவார்கள்.

இங்கே வீட்டில் பந்தல் போட ஆள் வந்தாயிற்று. அப்பா ஷேவ் செய்துகொண்டு, தலைக்கு டை அடித்துக்கொண்டு, பத்து வயது குறைந்த மாதிரி இருக்கிறார். நீ சொல்கிற மாதிரி நான் பேச வாயைத் திறந்தேன் அக்கா. "என்னப்பா?" என்றார். "தேங்காய் எத்தனை சொல்லலாம்?" என்று கேட்டேன்.

நீ சொன்ன மாதிரி நீயே வந்துவிடு. ஜெட்டியில் நீ நின்று சொன்னால் அவர்களுக்கு உன் மேல்தான் கோபம் வரும், அது பழகிய கோபம். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

நந்து


ரங்கத்
29 ஜனவரி 2023

நந்து,

கப்பல் எப்போது கிளம்பும் என்று ஊருக்கெல்லாம் அறிவிக்கிற ஆபீஸில் வேலை பார்க்கிறாய். உன் பெண் வருகிற கப்பல் எப்போது கிளம்பியது என்று உனக்குத் தெரியவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. விஜயன் என்ன என்று கேட்டார், படித்துக் காட்டினேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. "ஏழு பேர் அந்தக் கப்பல்ல வாந்தி எடுத்துக்கிட்டு வர்றாங்க மங்கை" என்றார். மெயின்லேண்டுக்காரர்களுக்கு மூன்று நாள் கப்பல் என்றால் என்ன என்று உனக்குத் தெரியும்.

ஜெட்டிக்கு வருவேன் என்று நான் எழுதியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். கோபத்தில் எழுதிவிட்டேன். நான் வந்தால் நீ என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொள்வாய். சின்ன வயசில் குமரன் சார் வீட்டுக் கண்ணாடியை உடைத்துவிட்டு நின்ற மாதிரி. அன்றைக்கு எனக்கு அடி விழுந்தது, உனக்கு அம்மா பால்கோவா கொடுத்தாள். இனி அந்த வியாபாரம் கிடையாது.

தேங்காய் எத்தனை சொல்லலாம். இந்த வரியை நான் ஞாயிறு வகுப்பில் எடுத்துக்காட்டாகச் சொல்லலாம் என்று இருக்கிறேன்.

உனக்கு இரண்டு நாள் இருக்கிறது. அப்பாவிடம் முதலில் சொல்ல தைரியம் இல்லை என்றால் இறங்கியதும் ஹரிணியிடமாவது முதலில் சொல். யாரோ ஒருவரிடம் நீயாகச் சொல். அதற்கப்புறம் எனக்கு எழுது. அதற்கு முன்னால் எழுதினால் பிரிக்காமல் ராக்கப்பனிடமே திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

மங்கை


மின்னி பே
3 பிப்ரவரி 2023, வெள்ளி

அக்கா,

இன்றைக்குக் கல்யாண நாள். கல்யாணம் இல்லை. அதனால் எழுத நேரம் கிடைத்தது.

சொல்லிவிட்டேன். அப்பாவிடம் இல்லை. ஹரிணியிடம். ஜெட்டியில், பெட்டிகள் இறங்குகிற இடத்தில். அம்மா மாலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். மேளம் வாசிக்கிறவர் அம்மா கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். ஹரிணி கப்பலிலிருந்து வெளுத்த முகமாக, கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். நீ எழுதிக் கொடுத்த முதல் வரியைச் சொன்னேன். நீ சொன்ன மாதிரியே இரண்டாவது வரி வந்தது. அப்புறம் எல்லாமும்.

அவள் அழுவாள், மயங்குவாள் என்று நினைத்தேன். "அடுத்த கப்பல் எப்போ?" என்று கேட்டாள். ஒரு வாரம் ஆகும் என்றேன். "அதுல டிக்கெட்?" என்றாள். நிறைந்துவிட்டது, அதற்கடுத்ததில்தான் கிடைக்கும் என்றேன். அப்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது. "இதைச் சொல்றதுக்கு எங்களைக் கடல் தாண்டி வரச் சொன்னீங்களா? பரமக்குடியில ஒரு போன்ல முடிஞ்சிருக்கும்" என்றாள். ஜெட்டியில் சுமை தூக்குகிறவர்கள்கூட நின்று பார்த்தார்கள். அவள் அப்பா ஜம்புலிங்கம் என்னை அடிக்கவில்லை. என் சட்டையை ஒரு தரம் பார்த்தார், பட்டுச் சட்டை. பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

பிறகு நடந்ததுதான் கூத்து. ஏழு பேர் எங்கே போவார்கள்? சுற்றுலா சீசன், லாட்ஜில் இடமில்லை. விமான டிக்கெட் ஏழு பேருக்கு என்றால் அவர்களால் முடியாது, நான் வாங்கித் தருகிறேன் என்றதற்கு ஜம்புலிங்கம், "உங்க காசுல ஏறினா விமானம் விழுந்துடும்" என்றார். கடைசியில் எல்லாரும் நம் வீட்டில்தான் தங்கியிருக்கிறார்கள். கல்யாணப் பந்தலுக்குக் கீழே. கல்யாணத்துக்கு வாங்கிய காய்கறியை அம்மா தினமும் அவர்களுக்குச் சமைத்துப் போடுகிறாள். அழுதுகொண்டே சமைக்கிறாள், ஹரிணி பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிறாள். ரெண்டு பேரும் என்னைத் திட்டித் தீர்க்கிறார்கள். நான் உள்ளே போனால் நிறுத்திவிடுகிறார்கள். அம்மாவுக்குப் பிடித்த மருமகள் கிடைத்துவிட்டாள், மகன்தான் தகராறு.

ஜெட்டியில் நின்ற நாளிலிருந்து அப்பா என்னிடம் பேசவில்லை. நேற்று மத்தியானம் ஒரே ஒரு தரம் பேசினார். "இத்தனை வருஷம் நீ பேசி நான் கேட்டதே இல்லை. சரிப்பா, சரிப்பான்னு மட்டும்தான் கேட்டிருக்கேன். ஜெட்டியிலதான் உன் குரலைக் கேட்டேன். நல்லா இல்லே."

இதை உனக்கு எழுதக் கூடாது என்றுதான் நினைத்தேன். எழுதாமல் இருக்க முடியவில்லை. நேற்று சாயங்காலம் அப்பாவும் ஜம்புலிங்கமும் பந்தலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பற்றி ஜம்புலிங்கம் ஏதோ சொல்ல, அப்பா சொன்னார்: "எனக்கு ரெண்டு பிள்ளைங்க. என்கிட்டப் பொய் சொல்லாதது ஒண்ணுதான். அதை வீட்டை விட்டு அனுப்பிட்டேன். பொய் சொன்னதைப் பக்கத்துல உட்கார வச்சு சோறு போட்டேன்." அதற்கப்புறம் அரை மணி நேரம் உன்னைப் பற்றித்தான் பேச்சு. ஸ்கூலில் நீ பரிசு வாங்கியது, அவர் எதிரே நின்று நீ பேசியது, அவர் கை ஓங்கியது, நீ கண்ணை மூடாமல் நின்றது. பெருமையாகச் சொன்னார் அக்கா. ஊரிலிருந்து வந்த, அந்நியன் மாதிரியான ஒரு தூரத்துச் சொந்தக்காரரிடம். நான் ஜன்னலுக்கு உள்ளே நின்று கேட்டேன்.

பதினோரு வருடம் நான் சாப்பாட்டுத் தட்டு கழுவினேன், நீ பெருமை வாங்கினாய். நல்ல வேலை. உன் ஞானிகளிடம் என் வணக்கத்தைச் சொல்.

நந்து


ரங்கத்
9 பிப்ரவரி 2023

நந்து,

உன் கடிதம் வந்ததும் முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. உன் மேல் இல்லை. அவர் மேல். பதினோரு வருடம் கழித்து, பரமக்குடியிலிருந்து வந்த ஒரு மனுஷரிடம் என் பெருமை பேசுகிறாராம். என் முகத்தைப் பார்த்துச் சொல்ல என்ன கேடு? என் பெண்ணுக்கு ஒன்பது வயசாகிறது, தாத்தா என்றால் அவள் டி.வி.யில் வருகிற யாரையோ காட்டுகிறாள். அந்நியனிடம் சொல்கிற பெருமைக்குப் பெயர் பெருமை இல்லை, பீற்றல். உன்னை நான் கோழை என்று நினைத்திருந்தேன். அது வானத்திலிருந்து விழவில்லை, வீட்டிலிருந்துதான் வந்திருக்கிறது. இப்படி எழுதி, நாலு பக்கம் எழுதி, ராக்கப்பனிடம் கொடுக்க எடுத்துக்கொண்டு நேற்று பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன்.

பஸ்ஸிலிருந்து அப்பா இறங்கினார்.

உன்னிடம் சொல்லாமல் வந்திருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. ராக்கப்பன் அண்ணன் அவருடைய பையைப் பிடித்துக்கொண்டு, இதில் எனக்கு ஒரு சம்பந்தமும் இல்லை என்கிற முகத்தோடு நின்றார். அப்பா என்னைப் பார்த்தார். தலையில் டை பாதி போய்விட்டது. "இந்த ரோடு இன்னும் உருப்படலையா?" என்றார். அதுதான் முதல் வார்த்தை. வீட்டுக்குக் கூட்டி வந்தேன். டீ கொடுத்தேன், சர்க்கரை குறைச்சல் என்றார். என் பெண்ணைப் பார்த்தார், "என்ன படிக்கிறே?" என்றார், அவள் சொன்னாள். விஜயன் வந்து கும்பிட்டார், அப்பாவும் கும்பிட்டார், ரெண்டு பேரும் ரோட்டைப் பற்றிப் பேசினார்கள். பந்தலில் சொன்னதை எனக்கு எதிரே சொல்வார் என்று நான் காத்திருந்தேன். சொல்லவில்லை. கடைசி வரைக்கும் சொல்லவில்லை. எழுதிய நாலு பக்கமும் என் பையிலேயே இருந்தது, அவரிடமே கொடுத்துவிடலாமா என்று பலமுறை நினைத்தேன்.

பிறகு, "அந்தப் பொண்ணு எங்கே?" என்று கேட்டார்.

எந்தப் பெண் என்று நான் கேட்கவில்லை. ஸ்வப்னா டியூட்டி முடிந்து அப்போதுதான் வந்து வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் கூப்பிட்டேன். வந்து நின்றாள். யார் என்று சொன்னேன். நமஸ்தே சொல்லவில்லை, காலைத் தொடவில்லை, சேலை முந்தியை இழுத்துவிடவில்லை. கையில் ஈரம், அதைத் துடைத்துக்கொண்டு நின்றாள். அப்பா அவளை ஏற இறங்கப் பார்த்தார். கிரேன் கயிறு பிடிக்குமா பிடிக்காதா என்று பார்க்கிற மாதிரி. பிறகு துறைமுகத்து ஹிந்தியில் கேட்டார்: "தும்கோ பீ ஜூட் போல்தா தா கியா?" உன்னிடமும் பொய் சொல்லுவானா என்று.

அவள் யோசிக்கவே இல்லை. "போல்தா தா, சாச்சா. மேய் பகட் லேதி தீ. ஏக் பார் நஹி பக்டி." சொல்லுவான், நான் பிடித்துவிடுவேன், ஒரு தடவைதான் பிடிக்கவில்லை என்றாள்.

அப்பா சிரித்தார். வாய்விட்டு. டீ புரை ஏறும் வரைக்கும் சிரித்தார். என் பெண் பயந்துபோய் விஜயன் பின்னால் போய் நின்றுகொண்டாள். நான் அந்தச் சிரிப்பைப் பதினோரு வருடமாகக் கேட்டதில்லை. அடுப்பில் எதையோ கிளறப் போகிற மாதிரி உள்ளே போய்விட்டேன். அழுதேன், அதை உனக்கு எதற்கு மறைக்க வேண்டும்.

ஸ்வப்னா அப்புறம் சொன்னதையும் எழுதிவிடுகிறேன். இனி என் வாசலில் உன் சாமான் பையை வைக்கிற வேலையை அவள் செய்ய மாட்டாளாம். உனக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் நீ பகலில் வந்து, எல்லாரும் பார்க்க நின்று, அவள் அம்மாவுக்கு முன்னால் சொல்ல வேண்டுமாம். சரி என்பாளா இல்லையா என்பது அப்போதுதான் தெரியுமாம். எனக்கும் தெரியாது, கேட்கவும் மாட்டேன்.

அப்பா இரண்டு நாள் இருந்துவிட்டு வருகிறார். ஹரிணி வீட்டாரைக் கப்பல் ஏற்றுகிற அன்றைக்கு நீ ஜெட்டியில் நின்று அவர்கள் பெட்டியைத் தூக்க வேண்டும் என்று சொல்லச் சொன்னார். பட்டுச் சட்டை வேண்டாமாம்.

ஒன்று தெரிந்துகொள். அவர் உன்னால் சிரிக்கவில்லை. என்னாலும் இல்லை.

மங்கை